மீன்கொத்தி வாசலில் முட்டைக் கார்கள்

மழையைக் குறை சொல்லாதீர்கள். ஊரில் இப்போது எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அன்றைக்கு மட்டும் மழை பெய்யாமல் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காதாம். பச்சைப் பொய். நான் அங்கே நின்றேன். தொழிற்சாலை வாசலில், டைரக்டர் டாப்பெவுக்கும் ஹாலந்துக்காரருக்கும் நடுவில், புது வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் கொளுத்தியிருந்தாலும் அவர்கள் அப்படித்தான் வந்திருப்பார்கள். கார் வாங்கி ஒரு வாரம்கூட ஆகாதவன் வெயிலடித்தால் அதை வீட்டில் விட்டுவிட்டா வருவான்?

இரண்டு நாள் ஆகிவிட்டது, இன்னும் எனக்கு நம்ப முடியவில்லை.

என் பெயர் இர்மி க்ளூஸ்மான். ஐஸ்ஃபோகல் சைக்கிள் தொழிற்சாலையில் சக்கரத்துக்குக் கம்பி கோக்கும் கூடத்தில் வேலை. ஐஸ்ஃபோகல் என்றால் மீன்கொத்தி. டைரக்டருடைய தாத்தா சைக்கிளில் ஆரம்பித்தார். அவர் மகன் அந்தச் சைக்கிளில் ஒரு குட்டி எஞ்சினை மாட்டினார். போர் முடிந்து எங்கள் ஓல்டர்பெர்க் எழுந்து உட்கார்ந்தபோது ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது அந்தக் குட்டி எஞ்சின் வண்டிதான். பெட்ரோல் டாங்கில் நீல மீன்கொத்தி இல்லாத வண்டியை இந்த ஊரில் ஓட்டினால் பேக்கரிக்காரிகூட ரொட்டியைத் தூக்கிப் போடுவாள், கையில் தர மாட்டாள்.

ஆனால் இரண்டு வருஷமாக மோட்டார் கூடத்தில் வேலை குறைந்துகொண்டே வந்தது. சைக்கிள் விற்கிறது, மோட்டார் வண்டி விற்கவில்லை. முடித்த வண்டிகள் கிடங்கில் வரிசையாக நின்று தூசி குடித்தன. கடைசி முயற்சியாக ஒரு புது வண்டி செய்தார்கள், நூற்றைம்பது சி.சி. எஞ்சின், அதனால் பெயரும் நூற்றைம்பது. அதை உருவாக்கியவர் மோட்டார் கூடத்து மேஸ்திரி, அதாவது என் அப்பா, ஃப்ரீடல் க்ளூஸ்மான். அதை மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தது நான். ஆமாம், நான்தான். ஓட்டிப் பார்க்கும் வேலையில் இதுவரை ஒரு பெண்ணும் இருந்ததில்லை. ஹாலந்திலிருந்து ஹூக்ஸ்ட்ரா என்ற பெரிய வியாபாரி வந்து இந்த வண்டியைத் தன் கடைகளுக்கு எடுத்துக்கொண்டால் மோட்டார் கூடம் பிழைக்கும். எனக்கும் அந்த வேலை நிரந்தரம். எடுக்காவிட்டால் கூடத்தை மூடுவதைத் தவிர வழியில்லை என்று டைரக்டரே என்னிடம் சொல்லியிருந்தார்.

அவரை எந்த நாளில் வரவழைப்பது என்பதில் டைரக்டருக்குச் சந்தேகமே இல்லை. கோடை விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறக்கும் திங்கட்கிழமை. எங்களுக்கு எல்லோருக்கும் ஒரே சமயத்தில்தான் விடுமுறை. எல்லோரும் ஒன்றாகப் போவோம், ஒன்றாகத் திரும்புவோம். திறக்கும் நாளில் மொத்தப் பேரும் துடைத்துப் பளபளப்பாக்கிய மீன்கொத்தி வண்டிகளில் ஊர்வலமாக வர வேண்டும், முதலாளி வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுக்க வேண்டும். தாத்தா காலத்து வழக்கம். போர்க் காலத்தில் மட்டும்தான் விட்டுப்போனது.

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை காலையில் மூன்று பேரும் கொட்டும் மழையில் நின்றோம். டைரக்டர் ஹூக்ஸ்ட்ராவுக்குக் குடை பிடித்தார். எனக்கு யாரும் பிடிக்கவில்லை.

"பாருங்க சார், இன்னும் கொஞ்ச நேரத்துல இந்தத் தெரு முழுக்க நீலமா மாறிடும்" என்றார் டைரக்டர். "எங்க ஆளுங்க வேற வண்டிய தொடக்கூட மாட்டாங்க."

ஹூக்ஸ்ட்ரா அணைந்துபோன பைப்பைக் கடித்துக்கொண்டே சிரித்தார். "நான் ஹோட்டலுக்குப் போனா மொதல்ல சமையல்காரன் எங்க சாப்பிடறான்னுதான் பார்ப்பேன். அதுக்கப்பறம்தான் நாற்காலிய இழுத்துப் போடுவேன். அதுக்குத்தானே இவ்ளோ தூரம் ரயிலேறி வந்திருக்கேன்."

"நல்லா பாருங்க. கண்ணு குளிர பாருங்க!"

முதலில் பெயின்ட் கூடத்து ஆட்கள் நாலைந்து பேர் சைக்கிளில் வந்தார்கள். டைரக்டர் கை கொடுத்தார். ஹூக்ஸ்ட்ரா தலையாட்டினார். பிறகு தெரு காலியாக இருந்தது. சங்கு ஊதுகிற நேரம் நெருங்கிவிட்டது, ஆனால் தெருவில் ஆள் இல்லை.

அப்போது சத்தம் கேட்டது. படபடவென்று ஒற்றை சிலிண்டர் சத்தம். டைரக்டரின் முகம் மலர்ந்தது. "வந்துட்டாங்க!" என்றார்.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். எங்கள் எஞ்சின் சத்தத்தை நான் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன். இது எங்களுடையது இல்லை. இது கனமாக, தொண்டை கட்டினாற்போல் இருந்தது. அதுவும் ஒன்று இல்லை.

மதுக்கூடத்துச் சந்து முனையில் ஒரு முட்டை திரும்பியது.

முட்டைக் கார் என்றால் தெரியும்தானே? முகமே கதவு. மூக்கைப் பிடித்து இழுத்தால் முன்பக்கம் மொத்தமும் திறக்கும், ஸ்டியரிங்கும் சேர்ந்து வெளியே வரும். மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்காரலாம். அதை ஓட்டக் கார் லைசென்ஸ்கூட வேண்டாம், மோட்டார் சைக்கிள் லைசென்ஸே போதும். எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் இல்லாதது பாதிரியாரும் பசுமாடுகளும்தான்.

இளம்பச்சை முட்டை. உள்ளே குந்தர். பக்கத்தில் அவன் பெண்டாட்டி லோரெ. என் தோழி லோரெ! பெட்ரோல் டாங்கில் மீன்கொத்தி வரைகிற லோரெ!

நான் முதலில் சிரித்தேன் என்றால் நம்புவீர்களா? ஒரே ஒரு கார், அதுவும் அவளுடையது, இன்றைக்கு நன்றாக மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

அதன் பின்னால் ஒரு சிவப்பு முட்டை. அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் இன்னொன்று. அதன் பின்னால் நாலு சக்கரம் வைத்த குட்டிக் கார் ஒன்று. அதன் பின்னால், அதன் பின்னால், அதன் பின்னால்... சந்து முனை துப்பிக்கொண்டே இருந்தது.

டைரக்டர் கை கொடுக்க நீட்டிய கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார். மழை அதில் தேங்கியது.

லோரெ பக்கத்துக் கண்ணாடியை நகர்த்தி மூக்கை மட்டும் வெளியே நீட்டினாள். "அடியே இர்மி! நீ ஏன்டி இங்க நிக்கற?"

"நான் ஏன் நிக்கறேனா? நீ எதுலடி வர்ற?"

"மதுக்கூடத்து முற்றத்துல யாருக்கும் தெரியாம விட்டுட்டு நடந்து வரலாம்னு பார்த்தோம்டி. அங்க போனா கால் வைக்க இடமில்ல, ஊரே அங்கதான் நிக்குது! பின்னாடி வர்ற கடன்காரன் ஹாரன் அடிச்சே எங்கள இங்க தள்ளிட்டான்!"

"பேசாத" என்று குந்தர் பல்லைக் கடித்தான். பிறகு தொப்பியைக் கழற்றி, கண்ணாடி வழியாக டைரக்டரைப் பார்த்து, "காலை வணக்கம் ஐயா" என்றான், ஏதோ சவ ஊர்வலத்தில் உட்கார்ந்திருப்பவன் போல.

புரிகிறதா உங்களுக்கு? ஒவ்வொருவனும் தான் ஒருவன்தான் என்று நினைத்திருக்கிறான்! இத்தனை நீல வண்டிக்கு நடுவில் நம் ஒரு கார் யார் கண்ணில் படப்போகிறது என்று நினைத்திருக்கிறான். விடுமுறையில் யாருக்கும் சொல்லாமல் வெளியூரில் வாங்கியிருக்கிறான். ஒளித்து வைக்க ஒரே இடம்தான் உண்டு என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது!

அதற்குள் தெரு அடைத்துவிட்டது. மூக்கோடு முதுகு ஒட்டி எல்லாம் நின்றுவிட்டன. கதவு முன்பக்கம் இருக்கிறதே, எப்படித் திறப்பது? முதலில் நின்ற குந்தருக்கு இறங்கத் தைரியமில்லை, மற்றவர்களுக்கு இறங்க வழியில்லை. எல்லோரும் கண்ணாடிக்குள் உட்கார்ந்து எங்களைப் பார்த்து விழித்தார்கள். அடுக்கி வைத்த ஊறுகாய் ஜாடிகள் மாதிரி இருந்தது. சிவப்பு முட்டையின் துணிக்கூரை மட்டும் சுருண்டு திறந்தது. அதற்குள்ளிருந்து தொழிலாளர் சங்கத் தலைவர் போல்மான் இடுப்புவரை எழுந்து நின்றார். எழுந்த வேகத்தில் வயிறு மாட்டிக்கொண்டது.

"டைரக்டர் ஐயா, இது என்னோடது இல்ல! என் மச்சானோடது!" என்று கத்தினார்.

அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "எந்த மச்சான்யா? உனக்கு மச்சானே கெடையாதே!" என்றாள். தெரு முழுக்கக் கேட்டது.

ஹூக்ஸ்ட்ரா வாயிலிருந்து பைப்பை எடுத்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வரிசையைப் பார்த்தார், ரொம்ப நேரம்.

நான் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு வரிசையை ஒட்டி ஓடினேன். ஏன் ஓடினேன் என்று கேட்காதீர்கள். ஒரே ஒருவராவது மீன்கொத்தி மோட்டார் வண்டியில் வந்திருக்க வேண்டும், அதை ஹூக்ஸ்ட்ராவுக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஓடினேன். அப்பா வந்திருப்பார். அப்பாவும் அம்மாவும் ஹார்ஸ் மலைக்குப் போயிருந்தார்கள். நான் வண்டி ஓட்டிப் பார்க்க ஊரிலேயே தங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வழியில் சித்தி வீட்டில் படுத்துவிட்டு நேராக வேலைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். கிளம்பும்போது லோரெயின் புருஷன் ஏதோ கார்ப் பேச்சு எடுத்ததற்கு, "முட்டைக்குள்ள கோழிக்குஞ்சுதான்டா உக்காரும், மனுஷன் உக்கார மாட்டான்" என்று மடக்கியவர் அவர்.

பேக்கரிக்கு எதிரே ஒரு வெள்ளை முட்டை நின்றது. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு கை அதைத் துடைத்தது. அம்மாவின் கை. என்னைப் பார்த்ததும் அம்மா சந்தோஷமாகக் கையாட்டினாள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். முன்னால் பார்க்க எதுவும் இல்லை, இன்னொரு காரின் முதுகுதான் இருந்தது.

கண்ணாடியைத் தட்டினேன். அவர் திரும்பவில்லை. அம்மாதான் நகர்த்தித் திறந்தாள்.

"அப்பா."

"மழையில நிக்காத. சளி புடிக்கும்."

"அப்பா, நம்ம வண்டி எங்க?"

அவர் தொண்டையைச் செருமினார். "கொடுத்துதான் இத வாங்கினேன்."

கொடுத்துவிட்டார். தன் கையால் பூட்டிய வண்டியை. திரும்பி வாசலுக்கு ஓடினேன். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று தோன்றியது, வண்டி. சமையல்காரன் எங்கே சாப்பிட்டால் என்ன, சமையலை ருசி பார்க்கட்டும்! ஒரே உதையில் நூற்றைம்பது உயிர் பெற்றது. முற்றத்தில் ஈரக் கல்லில் எட்டுப் போட்டேன். முற்றத்துச் சரக்குத் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தேன், சறுக்கவில்லை. சரக்கு ஏற்றும் சரிவு மேடையில் நிறுத்தி, பிரேக்கை விட்டு, கால் ஊன்றாமல் கிளம்பினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக ஓட்டியதில்லை. காருக்குள் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், சிலர் கை தட்டினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கைகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. அந்தத் தெருவில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது நான் ஒருத்திதான்.

ஹூக்ஸ்ட்ரா கிட்டே வந்து சூடான சிலிண்டருக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "அருமையான வண்டி, பொண்ணே. ஒரு குறை சொல்ல முடியாது."

"அப்ப எடுத்துக்கறீங்களா சார்?"

அவர் தெருப்பக்கம் திரும்பினார். "அந்த வெள்ளக் கார்ல யாரு, உங்க அப்பாவா? மேஸ்திரியா?"

பெயின்ட் கூடத்து ஆட்கள் பின்னாலிருந்து ஒவ்வொரு காராகத் தள்ளி இடம் செய்தார்கள். அப்பாவின் கதவு திறந்தது. அவர் இறங்கி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, டைரக்டரைப் பார்க்காமல் நின்றார். ஹூக்ஸ்ட்ரா அனுமதி கேட்டுவிட்டு உள்ளே அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். திறந்தார். சீட்டை முன்னால் இழுக்கப் பார்த்தார், வரவில்லை.

"இது எப்படி நகருது?"

நான் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். வளைந்த குழாய் கைக்குத் தட்டுப்பட்டது. அதன் முனையில் விரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம். தடவினேன். மறுபடியும் தடவினேன். பிறகு மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன்.

மீன்கொத்தி.

எங்கள் குழாய்க் கூடத்தில் வளைக்கப் போகும் ஒவ்வொரு குழாயிலும் ஓரத்தில் அடிக்கிற முத்திரை. மூக்கு இடப்பக்கம், வால் மேலே. இதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், எனக்கா தெரியாது?

"அப்பா" என்றேன். "இந்தச் சீட்டு நம்ம கூடத்துல செஞ்சது."

அப்பா குனிந்தார். லோரெ ஓடிவந்தாள். அவள் புருஷன் குந்தர் குழாய்க் கூடத்தில்தான் வேலை செய்கிறான். அவனும் வந்து குனிந்து பார்த்துவிட்டு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இத நாந்தான் வளைச்சேன்" என்றான். "ஒரு வருஷமா வளைக்கறேன். தோட்டத்து நாற்காலின்னு சொன்னாங்களே! தோட்டத்து நாற்காலிக்குன்னு..."

எல்லோரும் டைரக்டரைப் பார்த்தார்கள். அவர் குடையை மடக்கினார். மழை அவர் தலையில் நேராக விழுந்தது.

"நாந்தான் சொன்னேன்" என்றார். "வேற என்னத்த சொல்லச் சொல்றீங்க? நம்மள கொல்ற வண்டிக்கு நாம சீட்டு செய்யறோம்னு உங்க மூஞ்சிய பார்த்துச் சொல்லச் சொல்றீங்களா? போன வருஷம் உங்களுக்குச் சம்பளம் போட்டது அந்த நாற்காலிதான்."

"அப்ப எங்க மேல ஏன்யா கோவப்படறீங்க?" என்று போல்மான் கூரைக்குள்ளிருந்து கேட்டார். அவர் இன்னும் வெளியே வந்திருக்கவில்லை.

"நான் கோவப்படலையே, போல்மான். நான் ஒரு வார்த்த பேசினேனா?"

உண்மைதான். அவர் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் பட்டாணிச் சூப். வழக்கமாக அந்த நாளில் ஹார்ஸ் மலை, வடகடல், யார் முகம் கறுத்தது, யார் கால் சுளுக்கியது என்று காது கிழியும். அன்றைக்குக் கரண்டிச் சத்தம் மட்டும்தான். டைரக்டரும் ஹூக்ஸ்ட்ராவும் உள்ளே வந்தார்கள்.

ஹூக்ஸ்ட்ரா மேஜையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். "சைக்கிள் எடுத்துக்கறேன் பொண்ணே, போன வருஷத்தவிட அதிகமாவே. மோட்டார் வண்டி வேண்டாம். நாளைக்கு என் கடைக்காரன் என்கிட்ட கேப்பான், செஞ்சவங்க இதுலதான் போறாங்களான்னு. நான் என்னத்த சொல்ல?"

டைரக்டர் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினார். இலையுதிர் காலத்தோடு மோட்டார் கூடம் மூடப்படும். ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பப்போவதில்லை. குழாய்க் கூடத்தைப் பெரிதாக்கப்போகிறார்கள், காருக்குச் சீட்டு செய்ய. அதற்கு மேஸ்திரியாக க்ளூஸ்மான் வருவாரா?

நான் அப்பாவைப் பார்த்தேன். மேஜையைக் குத்திக்கொண்டு எழுந்திருப்பார், அந்தக் காரைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் தள்ளுவார் என்று நினைத்தேன்.

"வர்றேன் ஐயா" என்றார். கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் நான் கத்தினேன். இரண்டு தெருவுக்குக் கேட்டிருக்கும். "நூத்தம்பது உங்க புள்ள மாதிரின்னு சொன்னீங்களேப்பா! கிளட்ச் சத்தத்துக்காக எத்தன ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குக்கூடப் போகாம உக்காந்தீங்க!"

அவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே இருந்தார். அம்மாதான் பேசினாள். அம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை.

"நீ முன்னாடி உக்காந்து ஓட்டறவ, இர்மி. நான் கல்யாணம் ஆனதுலேர்ந்து பின்னாடி உக்காந்தவ. உங்கப்பா முதுகத் தவிர நான் ஒரு ஊரையும் பார்த்ததில்ல. மழன்னா மழ, பனின்னா பனி. உன்ன வயித்துல வெச்சுக்கிட்டு அப்படித்தான் போனேன். இந்தத் தடவ ஹார்ஸ்ல இறங்கறேன், என் தலமுடி கலையல. ஓட்டல்காரி என்னப் பார்த்து, 'வாங்க மேடம்'னாடி. மேடம்!"

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்" என்றார் அப்பா. அவர் அன்றைக்குச் சொன்ன நீளமான பேச்சு அதுதான்.

நான் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரைக்கடியில் போய் உட்கார்ந்தேன். அந்த வெள்ளை முட்டை அங்கே நின்றது. கோபத்தில் மூக்கைப் பிடித்து இழுத்தேன். திறந்தது. உள்ளே உட்கார்ந்து பார்த்தேன், சும்மா. நாற்காலி நன்றாக இருந்தது. எரிச்சலாக வந்தது, அவ்வளவு நன்றாக இருந்தது.

நேற்று டைரக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இர்மி, உனக்கு நான் ஒரு வாக்கு கொடுத்திருந்தேன். அந்த வேலையே இப்ப இல்ல. ரெண்டு வழி சொல்றேன். சீட்டு செய்யற கூடத்துல உனக்கு நல்ல எடம் தர்றேன், இப்ப வாங்கறதவிடக் கூட. இல்ல, அது உன் மனசுக்கு ஒப்பாதுன்னா, அந்த நூத்தம்பத எடுத்துக்கோ. அதுக்கு ஜோடி கெடையாது, இனிமே ஒண்ணு செய்யவும் மாட்டோம். ஹூக்ஸ்ட்ரா போகும்போது ஒண்ணு சொன்னாரு. அவரு ஊர்ல பழுது பார்க்கற பட்டறைக்கு ஆள் வேணுமாம், வண்டியோட வந்தா சேர்த்துக்குவாராம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு."

"நீங்க என்ன செய்வீங்க ஐயா?" என்று கேட்டேன்.

"நான் போன வருஷமே செஞ்சுட்டேனேம்மா" என்றார்.

லோரெயிடம் சொன்னேன். "பைத்தியமாடி நீ? ஹாலந்துல மட்டும் மழ பெய்யாதா? அங்கயும் இன்னும் ரெண்டு வருஷத்துல முட்ட உருளும். உனக்கு மட்டும் தனி வானமா?" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். குந்தர் போ என்றோ போகாதே என்றோ சொல்லாமல், "கிளட்ச் கேபிள் ரெண்டு எக்ஸ்ட்ரா எடுத்துக்கோ" என்றான். அவன் சொல்வதும் சரிதான். அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் அவர் எதைச் சொன்னாலும் எனக்குத் தாங்காது.

இன்றைக்குப் புதன். வண்டி மோட்டார் கூடத்தில் சாக்குத் துணி போர்த்தி நிற்கிறது. பக்கத்துக் கூடத்தில் இப்போதே குழாய் வளைக்கும் புது எந்திரத்துக்குத் தரையைக் கொத்துகிறார்கள், இங்கே உட்கார்ந்து கம்பி கோக்கும்போது கேட்கிறது. எனக்குக் கை ஓடவில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள்! எல்லோரும் இறங்கிப்போன வண்டியில் நான் ஒருத்தி ஏறிக் கிளம்புவது வீரமா, இல்லை அசட்டுத்தனமா? என் இடத்தில் நீங்கள் இருந்தால் வெள்ளிக்கிழமை அந்த அறைக்குள் போய் என்ன சொல்வீர்கள்?